பூனை துணியைச் சப்புவது ஏன்?

மனிதனோடு ஒரே கூரையின்கீழ் வாழும் விலங்குகளுள் நாய் ஏவலுக்கு அடங்குவது. பூனை தன் விருப்பத்துக்கு மட்டுமே அடங்குவது. வீட்டில் எந்த மூலை குளிர்ச்சியானது, எவருடைய மடி வெதுவெதுப்பானது என்பதையெல்லாம் அது தானே தேர்ந்துகொள்ளும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பியும் பாராது. அடுக்களையில் மீன் வெட்டும் ஓசை கேட்டால் மதிலுக்கு அப்பாலிருந்தும் ஓடிவரும். தன் நலத்தை இவ்வளவு நன்கு அறிந்த இப் பிராணி, சில வீடுகளில் எவருக்கும் விளங்காத ஒரு காரியத்தைச் செய்கிறது. கட்டிலில் கிடக்கும் போர்வையின்மீது ஏறி, முன்னங்கால்களால் அதனை மாறிமாறி அழுத்தி, கண்களை அரைவாசி மூடிக்கொண்டு, போர்வையின் ஓரத்தை வாயிலிட்டுச் சூப்புகிறது. வேறு சில பூனைகள் இத்தோடு நிற்பதில்லை. துவாய், சாரம், காலுறை, சால்வை ஆகியவற்றைக் கடைவாய்ப் பல்லிடையே வைத்துச் சப்பி, துளைதுளையாக்கி, துண்டுகளை விழுங்கியும் விடுகின்றன.

துளைகளைக் கண்ட வீட்டார் முதலில் எலியின்மீது பழிபோடுவர். குற்றவாளி பூனையே எனத் தெரியவந்ததும், "இது வேண்டுமென்று செய்யும் குறும்பு" என்பார் ஒருவர். "நேற்று அடித்ததற்குப் பழிவாங்குகிறது" என்பார் மற்றொருவர். அடியும் அதட்டலும் தொடரும். அவற்றாலும் பழக்கம் மாறாவிடில், சாக்கிலே கட்டித் தொலைவிலுள்ள சந்தையருகே கொண்டுபோய் விட்டுவிடுவதும் உண்டு. ஒரு சிறு உயிரின் வாழ்வும் சாவும் அதன் செயலை மனிதர் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் என்பதைப் பொறுத்தனவாகிவிடுகின்றன. ஆதலின், பூனை துணியைச் சப்புவது ஏன் என்னும் வினா வேடிக்கையாகத் தோன்றினும், ஆராய்ந்து விடைகாணத் தக்கதேயாகும்.

இங்கே மூன்று வேறு செயல்களைப் பிரித்தறிதல் வேண்டும். சூப்புதல் ஒன்று, சப்புதல் மற்றொன்று, விழுங்குதல் மூன்றாவது. சூப்பும் பூனை துணியை நனைக்குமேயன்றித் தின்பதில்லை. சப்பும் பூனை துணியைக் கெடுக்கும். ஆயினும் தனக்குப் பெருந்தீங்கு விளைத்துக்கொள்ளாது. விழுங்கும் பூனையோ தன் உயிரையே பணயம் வைக்கிறது. உணவல்லாத பொருளைத் தின்னும் இயல்பை மருத்துவர்கள் 'பைக்கா' என்பர். அது இலத்தீன் மொழியிலே காக்கை இனத்தைச் சேர்ந்த ஒரு பறவையின் பெயர்; கண்டதையெல்லாம் கொத்தும் பறவை எனக் கருதப்பட்டமையால் அதன் பெயர் இந் நோய்க்கு வழங்கலாயிற்று. மண்ணையும் சாம்பலையும் தின்னும் குழந்தைகளிடத்தும் இதே இயல்பைக் காணலாம். பூனையிடத்து ஒரு செயல் மற்றொன்றாக வளர்வதும் உண்டு. சூப்பத் தொடங்கிய குட்டி சில மாதங்களிற் சப்பவும், பின்னர் விழுங்கவும் பழகிவிடலாம்.

இச் செயலின் வேரைக் காணவேண்டுமாயின், குட்டி தாயிடம் பாலுண்ணும் காலத்துக்குச் செல்லவேண்டும். பூனைக்குட்டி கண் மூடிய நிலையிலேயே பிறக்கிறது. 7 நாள் முதல் 10 நாள் வரையிற் கண் திறக்கத் தொடங்கும். அதுவரை அதன் உலகம் மூன்று பொருள்களால் ஆனது: தாயின் வெப்பம், தாயின் மணம், வாய்க்கெட்டும் மென்மயிர் சூழ்ந்த முலைக்காம்பு. குட்டி தன் முன்னங்கால்களால் தாயின் வயிற்றை அழுத்தி அழுத்திப் பாலைச் சுரக்கச் செய்கிறது. வளர்ந்த பூனை போர்வையை அழுத்துவதும் இதே அசைவுதான். அரைக்கண் மூடிய அதன் மயக்கமும், தொண்டையில் எழும் குறுகுறு ஓசையும் பாற்பருவத்தின் எச்சங்களே.

வைணவப் பெரியோர் இறைவனிடம் அடைக்கலம் புகும் நிலையை விளக்குதற்கு 'மார்ச்சார நியாயம்' என்னும் உவமையைக் கூறுவர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ தன் முயற்சி ஏதுமின்றித் தாயின் வாயிலே தன்னை முழுவதும் ஒப்படைத்திருக்கும் என்பது அதன் கருத்து. சமயத் தத்துவத்துக்கு உவமையாகுமளவுக்குப் பூனைக்குட்டி தாயைச் சார்ந்து வாழ்வது என்பதை அப் பெரியோர் கண்டிருந்தனர்.

4ஆம் வாரமளவிலே குட்டி கெட்டியான உணவை நாடத் தொடங்குகிறது. 7 அல்லது 8 வாரமளவிலே பால் அதற்கு இன்றியமையாத உணவு என்னும் நிலை கடந்துவிடுகிறது. ஆனால் உணவுக்காகப் பாலுண்ணும் காலம் முடிந்த பின்னும், ஆறுதலுக்காக முலை தேடும் காலம் முடிவதில்லை. தாய் இடங்கொடுத்தால் குட்டி மேலும் பல வாரங்கள் அருகே ஒண்டிச் சூப்பிக்கொண்டிருக்கும். பின்னர் தாயே சிறிது சிறிதாக விலகி, சீறி, குட்டியை அப் பழக்கத்தினின்றும் மாற்றிவிடுகிறது. இந்த மெதுவான பிரிவுக்கு முன்னரே குட்டியைத் தாயிடமிருந்து மனிதர் எடுத்துவிட்டால் என்ன நேரும்? சூப்பும் வேட்கை இருக்கும். சூப்புதற்குரிய தாய் இருக்கமாட்டாள். வெப்பமும் மென்மையும் மயிர்த்தன்மையும் உடைய பொருள் எதுவோ, அதனிடத்தே அவ் வேட்கை சென்று பற்றிக்கொள்ளும். வீட்டிலே அத்தகைய பொருள் கம்பளியன்றி வேறென்ன?

கம்பளி முதலிடம் பெறுதற்கு வேறு காரணங்களும் கூறப்படுகின்றன. கம்பளி ஆட்டின் உரோமத்தால் ஆனது. அவ் வுரோமத்தில் இயல்பாகவே ஒருவகை மெழுகு உண்டு. நனைந்தபோது அதன் மணம் மிகும். தாயின் மயிர் மணத்தை அது நினைவூட்டக்கூடும் எனக் கருதுவோர் உளர். அன்றியும், உடுத்த துணியிலே வீட்டாரின் உடல்மணம் பதிந்திருக்கும். பூனை உலகத்தைக் கண்ணாற் காண்பதைப்போலவே மூக்காலும் காண்பது. தனித்திருக்கும் பூனை, வெளியே சென்ற எசமானியின் சட்டையைத் தேடிச் சென்று சப்புமாயின், அதனைப் பழிவாங்கல் என்பது பொருந்தாது. பிரிவின்போது ஆறுதல் தேடுதல் என்பதே பொருந்தும்.

எல்லாப் பூனைகளும் தாயிடமிருந்து பிரிந்தே வளர்கின்றன. எல்லாம் துணியைச் சப்புவதில்லையே எனச் சிலர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை தருவது குலமரபு ஆகும். மேலைநாடுகளில் இப் பழக்கம் சயாம் பூனைகளிடத்தும் பர்மாப் பூனைகளிடத்தும் மிகுதியாகக் காணப்படுகிறது. நீலக்கண்ணும் கருமுகமும் உடைய சயாம் பூனை இன்றைய தாய்லாந்து நாட்டிலிருந்து சென்றது; 1871ஆம் ஆண்டு இலண்டன் பளிங்கு மாளிகையில் நடைபெற்ற பூனைக் கண்காட்சியிலேயே அது இடம்பெற்றது. பர்மாப் பூனை என இன்று மேல்நாட்டார் வளர்க்கும் குலத்துக்கு மூலத்தாயாய் விளங்கியது, 1930ஆம் ஆண்டளவிலே ஜோசப் தொம்சன் என்னும் வைத்தியர் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகருக்குக் கொண்டுசென்ற 'வொங் மௌ' என்னும் பெண்பூனை. அதனை முதலில் ஒரு சயாம் ஆண்பூனையோடே சேர்த்தனர். ஆகவே இவ்விரு குலங்களும் இரத்த உறவுடையவை. சிறு தொகையான முன்னோரிடமிருந்து பெருகிய குலங்களில் நல்லியல்பு போலவே குறையியல்பும் வழிவழியாகத் தொடர்தல் வியப்பன்று.

இங்கிலாந்தின் சௌதாம்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோன் பிராட்ஷா என்பாரும் அவர்தம் துணைவரும் துணி தின்னும் பூனைகளைப் பற்றிய ஆய்வொன்றை 1997ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 152 பூனைகளைப்பற்றி அவற்றை வளர்த்தோரிடம் திரட்டிய செய்திகளை அவ் வாய்வு ஆராய்ந்தது. பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை கம்பளியைத் தின்றன. மூன்றில் இரண்டு பங்களவானவை பருத்தித் துணியையும், பாதியளவானவை செயற்கை இழைத் துணியையும் தின்றன. கம்பளி அரிதாயும் பருத்தி மிகுதியாயும் உள்ள வெப்ப நாட்டு வீடுகளிலும் இப் பழக்கம் ஏன் காணப்படுகிறது என்பது இதனால் விளங்கும். நுவரெலியாவின் குளிருக்குப் போர்த்திய கம்பளி கிடைத்தால் அதுவும் ஆகும். யாழ்ப்பாணத்துக் கொடியிற் காயும் துவாய் கிடைத்தால் அதுவும் ஆகும்.

பிந்திய ஆய்வுகள் இவ் விஷயத்தை மேலும் தெளிவாக்கியுள்ளன. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் சர்வகலாசாலையினர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, சயாம் பூனைகளும் பேர்மன் என்னும் நீள்மயிர்ப் பூனைகளுமாக 204 பூனைகளைப் பற்றியது. பேர்மன் குலத்திலே, தாய்ப்பாலை விரைவில் மறக்கடிக்கப்பட்டவையும், உடன்பிறந்த குட்டிகள் சிலவாக இருந்தவையும் இப் பழக்கத்துக்கு மிகுதியும் ஆளாயின. சயாம் குலத்திலோ, உடல்நோய் உடைமைக்கும் இப் பழக்கத்துக்கும் தொடர்பு காணப்பட்டது. இரு குலங்களிலும், துணி சூப்பும் பூனைகள் பெரும்பசி உடையனவாய் இருந்தன. பின்லாந்தின் ஹெல்சிங்கி சர்வகலாசாலையினர் 2017ஆம் ஆண்டில் 5,726 பூனைகளைப்பற்றி வெளியிட்ட ஆய்வில், 8 வாரம் நிறையுமுன் தாயைப் பிரிந்தவை சீற்றம் மிக்கனவாயும், 14 வாரமளவும் தாயோடிருந்தவை அமைதி மிக்கனவாயும் காணப்பட்டன.

ஆயினும் எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைக் கூறவில்லை. கனடாவின் மொன்றியல் சர்வகலாசாலையினர் 2016ஆம் ஆண்டில், உணவல்லாதவற்றைத் தின்னும் 91 பூனைகளை அப் பழக்கமற்ற 35 பூனைகளோடு ஒப்பிட்டனர். இளமைப் பிரிவோ, வீட்டுச் சூழலின் குறையோ இதற்குத் தலையாய காரணமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் கண்ட வேறுபாடுகளுள் ஒன்று கருதத்தக்கது: எந்நேரமும் தட்டில் உணவு கிடைக்கப்பெற்ற பூனைகள், பழக்கமற்ற கூட்டத்திலேயே மிகுதியாக இருந்தன. முரண்போலத் தோன்றும் இம் முடிவுகளை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சூப்பும் பழக்கத்துக்கும் விழுங்கும் பழக்கத்துக்கும் வேர் முற்றிலும் ஒன்றன்று. முன்னையது தாயை நாடுவது. பின்னையது இரையையும் நாடுவது.

பூனை இரைகொல் விலங்கு. அதன் 30 பற்களும் அரைப்பதற்காக அமைந்தவையல்ல. குத்தவும் வெட்டவும் அமைந்தவை. அதன் தாடை மேலும் கீழுமாக அசையுமேயன்றி, மாட்டின் தாடைபோலப் பக்கவாட்டில் அரையாது. எலியையோ குருவியையோ பிடித்த பூனை, தலையைச் சரித்துக் கடைவாய்க் கத்திப்பற்களுக்கிடையே இரையை வைத்து, தோலும் மயிரும் நரம்பும் எலும்புமாக வெட்டி வெட்டி விழுங்கும். இவ்வாறு நாளொன்றுக்குப் பலமுறை, சிறிது சிறிதாக உண்பதே அதன் இயல்பு. வீட்டிலோ காலையிலொரு முறையும் மாலையிலொரு முறையும் குழைத்த சோறும் மீனும் கிடைக்கின்றன. அல்லது தகரத்தில் அடைத்த மென்மையான உணவு கிடைக்கிறது. வயிறு நிரம்புகிறது, வாய்க்கு வேலையில்லை. துணி தின்னும் பூனை துணியைக் கடைவாய்க்குக் கொண்டுசென்று தலையைச் சரித்துச் சப்புவதைக் கண்டோர், அது இரையை வெட்டும் அசைவே என்பதை உணர்வர். நாரும் மயிரும் வேண்டிய வாய், கிடைத்த நூலைப் பற்றிக்கொள்கிறது.

உடல்நோயும் காரணமாகலாம் என்பதை மறத்தலாகாது. இரத்தசோகை, குடல்நோய், பல்நோய் முதலியவை பூனையை உணவல்லாதவற்றை நாடச் செய்யக்கூடும். வளர்ந்த பூனை, முன் ஒருபோதும் இல்லாத இப் பழக்கத்தைத் திடீரெனத் தொடங்குமாயின், அதனை முதலில் நோயின் அறிகுறியாகவே கொண்டு மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இனி, இப் பழக்கத்தின் ஆபத்தை நோக்குவோம். பருத்தி நூலையோ கம்பளி இழையையோ சீரணிக்கும் ஆற்றல் பூனையின் வயிற்றுக்கு இல்லை. துணித்துண்டு குடலில் அடைத்துக்கொண்டால் உணவு செல்லும் வழி மூடிவிடும். அதனினும் கொடியது நூல். பூனையின் நாவிலே தொண்டையை நோக்கிச் சாய்ந்த முட்கள் உண்டு; அவற்றிற் சிக்கிய நூலைத் துப்புதல் அதற்கு அரிது; உள்ளே இழுத்துக்கொள்ளவே நேரும். நூலின் ஒரு நுனி நாவின் அடியிலே சுற்றிக்கொள்ள, மறுநுனி குடலுக்குள் இறங்கினால், குடல் அந் நூலின்மேல் சுருக்குப்பையைப்போல மடிமடியாகச் சுருங்கிவிடும். இறுகிய நூல் குடற்சுவரை அறுக்கவும் கூடும். அந்நிலையிற் சத்திரசிகிச்சையன்றி உயிர் பிழைத்தல் அரிது.

ஆகவே பூனையின் வாயிலோ குதத்திலோ நூல் தொங்கக் கண்டால் அதனைப் பிடித்து இழுத்தல் ஆகாது. இழுத்தால் உள்ளே குடல் அறுபடலாம். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுதலே செய்யத்தக்கது. மீண்டும் மீண்டும் வாந்தியெடுத்தல், உணவை வெறுத்தல், மூலையிற் சோர்ந்து கிடத்தல், மலங்கழியாமை ஆகிய அறிகுறிகளைக் கண்டாலும், "நாளை பார்ப்போம்" என ஒத்திப்போடுதல் தகாது. தையல் இயந்திரத்தருகே ஊசியோடு கிடக்கும் நூல், பூமாலை கட்டி எஞ்சிய நூல், இறைச்சி சுற்றிய கயிறு, சப்பாத்து நாடா ஆகியவற்றை எடுத்து மூடிவைத்தலே முதற் காப்பு.

பழக்கத்தை மாற்றும் வழி யாது? அடி வழியன்று. அச்சமும் மனக்கலக்கமும் இப் பழக்கத்தை வளர்ப்பன. அடிபட்ட பூனை மறைவான இடத்திற் சென்று முன்னிலும் மிகுதியாகச் சப்பும். துணிக்கு மிளகாய்த்தூள் தூவுதல் கொடுமை. அந்துப்பூச்சிக்கென இடும் நப்தலீன் உருண்டையைப் பூனை அண்டாதிருக்கவும் உதவுமென எண்ணித் துணியிடையே இடுதல் அதனினும் தீது. அவ்வுருண்டை பூனைக்கு நஞ்சு.

செய்யத்தக்கன நான்கு. முதலாவது, பூனை விரும்பும் துணிகளை அதன் வாய்க்கெட்டாதவாறு பெட்டியிலோ அலுமாரியிலோ வைத்தல். சூப்புவதோடு நிற்கும் பூனைக்கு அதற்கெனப் பழைய தடித்த துணியொன்றை விட்டுவைப்பதிற் பெருந்தீங்கு இல்லை. ஆனால் இழை பிரியாத துணியாக அது இருத்தல் வேண்டும். விழுங்கும் பூனைக்கு அதுவும் ஆகாது. இரண்டாவது, உணவை ஒரே வேளையிற் குவிக்காது பலமுறையாகப் பங்கிட்டுக் கொடுத்தல். சவ்வுள்ள இறைச்சித்துண்டு போன்ற வாய்க்கு வேலை தரும் உணவையும் சேர்த்தல். நார்ச்சத்து மிக்க உணவும் சில பூனைகளுக்குப் பயன்தரும். சமைத்த எலும்பு பிளந்து தொண்டையிற் குத்துமாதலின் அதனைத் தவிர்க்கவேண்டும். மூன்றாவது, வேட்டைக்கு ஈடாக விளையாட்டுக் கொடுத்தல். கோலின் நுனியில் இறகொன்றைக் கட்டி நாள்தோறும் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடிக்கச் செய்தாலே போதும். ஆட்டம் முடிந்ததும் அக் கோலை எடுத்து வைத்துவிட வேண்டும். நான்காவது, இவற்றாலும் மாறாவிடில் மிருக வைத்தியரின் அறிவுரையை நாடுதல். மனக்கலக்கத்தைத் தணிக்கும் மருந்துகளை அவர் சிலவேளை கொடுப்பதும் உண்டு. மனிதருக்குரிய மருந்தை வீட்டார் தாமே கொடுத்தல் பெருந்தவறு.

வந்தபின் மாற்றுவதிலும் வராமற் காத்தல் எளிது. கண் திறந்து சில நாட்களேயான குட்டியை, "இப்போது எடுத்தால்தான் மனிதரோடு பழகும்" எனக் கூறித் தாயிடமிருந்து பிரித்துக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மனிதரோடு பழகுதற்குத் தாயைப் பிரியவேண்டியதில்லை; தாயின் அருகிலிருக்கும்போதே குட்டியைக் கையிலெடுத்துத் தடவிப் பழக்கலாம். குட்டியைக் கேட்டு வருவோரிடம், "இன்னும் சில வாரம் பொறுங்கள்" எனக் கூறுதல் கொடுப்போர்க்குப் பெருஞ்சுமையன்று. தாயை இழந்த குட்டிக்குப் பசுப்பால் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. பூனையின் பாலிலுள்ள புரதமும் கொழுப்பும் அதில் இல்லை. அத்தகைய குட்டியை வளர்க்கும் முறையையும் மிருக வைத்தியரிடமே கேட்டறிதல் நன்று.

விரல் சூப்பும் குழந்தையைக் கண்டு எவரும் அதனை வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. அக் குழந்தைக்கு ஏதோ ஒன்று குறைகிறது என உணர்ந்து அணைத்துக்கொள்கின்றனர். பூனை வாய்திறந்து தன் குறையைக் கூறமாட்டாது. கிழிந்த சால்வையின் ஓரமே அது எழுதிய விண்ணப்பம். பசியோ, நோயோ, தனிமையோ, தாயின் நினைவோ அவ் விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருக்கலாம். அதனைப் படிக்க அறிந்த வீட்டில் துணியும் தப்பும்; பூனையும் தப்பும்.